சிவனொளிபாத மலை உச்சிப் படங்கள் ஒட்ட மறுக்கின்றன, உதவுங்கள்

வணக்கம். போன கிழமை நல்லதண்ணிப் பாதையால் சிவனொளிபாத மலை ஏறினோம். விடியலில் கிழக்கே சூரியன், மேற்கே முகில் மேல் மலையின் முக்கோண நிழல். இரண்டும் ஒரே அகலப்படத்தில் வர வேண்டும் என்பதுதான் ஆசை. 2243 மீட்டர் உயரத்தில், விரல் விறைத்துப்போய், முக்காலியும் இல்லாமல், கமராவை நிமிர்த்திப் பிடித்து 24 மி.மீ. குவியத்தில் சுற்றிவர 16 படம் எடுத்தேன்.

வெளிச்சத்தைத் தானியங்கியில் விட்டது என் பிழை. சூரியப் பக்கம் கறுத்தும் நிழல் பக்கம் வெளுத்தும் கிடக்கிறது. படங்களை ஒட்டும் மென்பொருளான ஹுகினில் சேர்த்தால் வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ராவ் கோப்புகள் (கமரா பதிந்த மூலத் தரவு) உண்டு. முதலில் எல்லாவற்றையும் ஒரே வெளிச்ச அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒட்டுவதா, அல்லது ஹுகினையே சரிசெய்ய விடுவதா?

அதைவிடப் பெரிய தலையிடி கைப்பிடிக் கம்பி. தூர மலைகள் அச்சொட்டாகப் பொருந்துகின்றன, பக்கத்துக் கம்பி மட்டும் முறிந்து நிற்கிறது. லென்ஸை மையமாக வைத்துத் திருப்பாமல் உடம்போடு நான் சுற்றியதால் வந்த வினை என்று விளங்குகிறது. மற்றப் படங்களில் அந்த இடத்துக்கு மறைப்புப் போட்டு, கம்பியை ஒரு படத்திலிருந்து மட்டும் எடுக்கலாமா? இரண்டு படங்களை இணைக்க ஹுகின் தானாகப் பிடித்த பொருத்தப் புள்ளிகளில் பாதி நகரும் முகிலில் இருந்தன, அவற்றை அழித்துவிட்டேன். அப்புறம், கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஐயா மூன்று இடத்தில் நிற்கிறார். சரி, அவர் நிற்கட்டும்.

வெசாக்குடன் மலையேறும் பருவம் முடிகிறது, அதற்குள் இன்னொருமுறை ஏறுவேன். பனோரமாவுக்கென்றே வரும் முக்காலித் தலை வாங்க வசதியில்லை. லென்ஸின் சுழல்புள்ளியை (எதை மையமாக வைத்துத் திருப்பினால் பக்கத்துப் பொருள் விலகாதோ, அந்தப் புள்ளியை) வீட்டிலேயே கண்டுபிடித்து, சாதாரண முக்காலியில் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?