2012 எம்விபி: கப்ரேராவா, ட்ரவுட்டா?

மிச்சிகன்வாசி:

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்குத் தரப்படும் எம்விபி விருது, 2012-இல் டெட்ராய்ட் டைகர்ஸின் மிகெல் கப்ரேராவுக்கு ஆள் மாறிப் போய்விட்டது, ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரவுட்டுக்கே அது கிடைத்திருக்க வேண்டும் என்று நேற்று இங்கே ஓர் அன்பர் எழுதியிருந்தார். அதை நான் மறுக்கிறேன். அந்த ஆண்டு, பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் மட்டைச் சராசரி (அடிக்க வந்த வாய்ப்புகளில் வெற்றியடிகளின் பங்கு) .330, ஹோம் ரன்கள் (களச் சுவரைத் தாண்டும் அடிகள்) 44, அடித்து உள்ளே கொண்டுவந்த ஓட்டங்கள் 139 என்று மூன்றிலும் அவரே முதலிடம். அந்த மும்மகுடத்தை அதற்கு முன் கடைசியாகச் சூடியவர் 1967-இல் பாஸ்டனின் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி. இடைப்பட்ட 45 ஆண்டுகளில் எவருக்கும் அது கைகூடவில்லை.

டெட்ராய்ட் டைகர்ஸ் பிரின்ஸ் ஃபீல்டரை வாங்கியபோது, முதல் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய களமூலைகளில் ஒன்று) தடுப்பாளராக நிற்கும் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தம் உடல்வாகுக்குச் சற்றும் ஒத்துவராத மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தவர் கப்ரேரா. மார்ச் மாதப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் தரையில் பட்டு எகிறிய பந்து வலக் கண்ணுக்குக் கீழே தாக்கி எலும்பில் விரிசல் விழுந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பருவத்தில் அவர் 161 ஆட்டங்கள் ஆடினார். செப்டம்பர் நடுவில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் பின்னால் நின்ற அணி, கடைசியில் பிரிவை (லீக்குக்குள் சில அணிகள் அடங்கிய குழு) வென்றது. மதிப்பு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

அனஹைம் அன்பன்:

மிச்சிகன்வாசி அவர்களே, நீங்கள் தந்த எண்களில் எனக்கு ஐயமில்லை. அவை எதை அளக்கின்றன என்பதில்தான் வேறுபடுகிறேன். 139 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தார் என்றால், அவர் மட்டையோடு வந்து நின்றபோதெல்லாம் ஆஸ்டின் ஜாக்சன் போன்றவர்கள் முன்னமே பேஸ்களில் காத்திருந்தார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் அடக்கம். மைக் ட்ரவுட்டோ ஏஞ்சல்ஸின் வரிசையில் முதல் ஆளாக இறங்கி, ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆளில்லாத பேஸ்களோடு தொடங்கியவர். அப்படியிருந்தும் .326 சராசரியில் 30 ஹோம் ரன்கள் அடித்தார், 83 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தார். 49 முறை பேஸ் திருடியவர் (அடி எதுவும் விழாதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) பிடிபட்டது ஐந்தே முறை. அவர் ஓடி எடுத்த 129 ஓட்டங்களை அந்த ஆண்டு இரு லீக்குகளிலும் வேறு எவரும் எட்டவில்லை. கப்ரேரா தரையோடு அடித்த பந்துகளில் 28, ஒரே அடியில் இருவரை வெளியேற்றும் இரட்டை அவுட்டாக முடிந்தன. ட்ரவுட்டுக்கு அது ஏழு மட்டுமே. மும்மகுடத்தின் மூன்று எண்களில் எதுவும் இந்தக் கணக்கைக் காட்டாது.

களத்தடுப்பையும் மறந்துவிடக் கூடாது. ஜூன் 27 அன்று பால்டிமோரில், முதல் இன்னிங்ஸிலேயே ஜே.ஜே. ஹார்டி அடித்த பந்து நடுக்களச் சுவருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ட்ரவுட் ஓடிவந்து எம்பி, சுவருக்கு அப்பால் கையை நீட்டி, ஹோம் ரன்னாகியிருக்க வேண்டிய அந்தப் பந்தைக் கையுறைக்குள் வாங்கினார். பந்து வீசிய ஜெரட் வீவர் இரு கைகளையும் உயர்த்தி நின்றதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. இவை எல்லாவற்றையும் சேர்த்து, அதே இடத்தில் எளிதில் கிடைக்கக்கூடிய மாற்று ஆட்டக்காரர் ஒருவர் நின்றிருந்தால் அணி எத்தனை வெற்றிகளை இழந்திருக்கும் என்று கணிப்பதுதான் 'வார்'. அதில் ட்ரவுட் பத்தைத் தாண்டுகிறார். கப்ரேரா ஏழை ஒட்டி நிற்கிறார்.

மிச்சிகன்வாசி:

அந்தக் கேட்ச்சை நானும் வியந்து பார்த்தேன். ஆனால் 'வார்' கணக்கில் மிகவும் ஆட்டங்காணும் பகுதி களத்தடுப்பு மதிப்பீடுதான். ஒரே பருவத்துத் தரவை வைத்து அதை அறுதியிட முடியாது. மேலும் ட்ரவுட் ஏப்ரல் 28 அன்றுதான் கீழ்நிலை லீக்கிலிருந்து மேலே அழைக்கப்பட்டார். ஆடியது 139 ஆட்டங்கள். இந்த விருதுக்கு வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர்களுக்குத் தரப்படும் நெறிமுறையிலேயே ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஓர் அளவுகோலாக இருக்கிறது. ஆல்பர்ட் பூஹோல்ஸ், வீவர், டோரி ஹன்ட்டர் என்று திறமை நிறைந்திருந்த அணி அக்டோபரில் பிளேஆஃப் (பருவ முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் சுற்று) போகாமல் வீட்டில் இருந்ததையும் எண்ணிப் பாருங்கள்.

அனஹைம் அன்பன்:

வீட்டில் இருந்த அணி வென்றது 89. பிளேஆஃப் போன டைகர்ஸ் வென்றது 88. எங்கள் பிரிவில் ஓக்லண்ட் 94, டெக்சஸ் 93. உங்கள் பிரிவில் இரண்டாம் இடத்தில் இருந்த ஒயிட் சாக்ஸ் வென்றதோ 85. எந்தப் பிரிவில் ஆடுகிறோம் என்பதை ட்ரவுட் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் வரும்போது ஏஞ்சல்ஸ் 6 வெற்றி, 14 தோல்வி என்று கிடந்தது. வந்த பிறகு 83 வெற்றி, 59 தோல்வி. நீங்கள் சுட்டிய அதே நெறிமுறை, விருது பெறுபவர் பிளேஆஃப் அணியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. 1987-இல் நேஷனல் லீக் விருதைப் பெற்ற ஆண்ட்ரே டாசனின் சிகாகோ கப்ஸ் தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது.

பழைய ஸ்கோர்புக்:

இருவருக்கும் ஒரு நினைவூட்டல். மும்மகுடம் சூடியவருக்கு விருது தானாக வந்துவிடுவதில்லை. 1934-இல் லூ கெரிக் .363, 49, 166 என்று மூன்றிலும் முதலிடம் பெற்றும் வாக்கெடுப்பில் ஐந்தாம் இடமே கிடைத்தது. விருது போனது இரண்டே ஹோம் ரன் அடித்த மிக்கி காக்ரேனுக்கு. அவர் லீக்கை வென்ற டெட்ராய்ட் அணியின் கேட்ச்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்), மேலாளரும் அவரே. டெட் வில்லியம்ஸ் 1942-இலும் 1947-இலும் மும்மகுடம் சூடி, இரு முறையும் லீக்கை வென்ற யாங்கீஸ் ஆட்டக்காரர்களிடம் விருதை இழந்தார். இரண்டாம் முறை ஜோ டிமாஜியோவிடம் தோற்றது ஒரே புள்ளியில், 202-க்கு 201. எனவே, மிச்சிகன்வாசி அவர்களே, மும்மகுடம், அணியின் இடம் என்று நீங்கள் ஊன்றும் இரண்டு தூண்களும் வரலாற்றில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டவை. அணியின் இடத்தைக் காட்டித்தான் மும்மகுட வீரர்களிடமிருந்து விருது பறிக்கப்பட்டது.

மிச்சிகன்வாசி:

காக்ரேன் எங்கள் ஊர் அணிக்காரராக இருந்தும், கெரிக்குக்கு நடந்தது அநீதி என்றே கருதுகிறேன். ஆகவே அணியின் இடம் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். 161 ஆட்டங்களையும் மும்மகுடத்தையும் விடமாட்டேன். கடைசி நாள் கன்சாஸ் சிட்டியில் கப்ரேரா ஆட்டத்தின் நடுவே வெளியே அழைக்கப்பட்டபோது, எதிரணியின் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்; அவர் தலைக்கவசத்தை உயர்த்தி நன்றி சொன்னார். 28 முதலிட வாக்குகளில் 22 அவருக்கும் ஆறு ட்ரவுட்டுக்கும் விழுந்ததில் எனக்கு வியப்பில்லை.

அனஹைம் அன்பன்:

அந்தக் கைதட்டலில் நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் 2014-இல் ஏஞ்சல்ஸ் 98 ஆட்டங்களை வென்றபோது ட்ரவுட்டுக்கு விருது ஒருமனதாகக் கிடைத்தது. இத்தனைக்கும் அதே ஆண்டு அவர் 184 முறை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறுவது) ஆனார், பேஸ் திருட்டும் 2012-ஐவிட வெகுவாகக் குறைந்திருந்தது. 2016-இல் அணி வென்றது 74 மட்டுமே, அப்போதும் விருது அவருக்கே. பிரிவை வென்ற பாஸ்டனின் மூக்கி பெட்ஸ் அன்று இரண்டாம் இடம். அந்த ஆண்டு உங்கள் கையில் வாக்கு இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள்?

மிச்சிகன்வாசி:

ட்ரவுட்டுக்கு. அந்த ஆண்டு அவர் 159 ஆட்டங்கள் ஆடினார்.