தினக்கூலிக்காரர் அமர்வுக்கு வராவிட்டால் அது 'எதிர்ப்பா'?

கேள்வி: மனநல சிகிச்சைக்கு வரும் தினக்கூலிக்காரர்கள் மூன்றாவது அமர்வோடு நின்றுவிட்டால் 'சிகிச்சைக்கு எதிர்ப்பு' என்று கோப்பில் எழுதுவது வழக்கம். வர்க்கத்தை எங்கே கணக்கில் சேர்ப்பது?

பதில் 1: முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். அமர்வு 50 நிமிடம்தான். பயணமும் காத்திருப்பும் சேர்ந்தால் அரைநாள் கூலி போச்சு. முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: வேலை நேரத்தை முடிவு செய்வது யார்? வராத நாளுக்குச் சம்பளம் உண்டா? வீட்டில் தனியாகப் பேச இடம் உண்டா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் தொலைபேசி அமர்வும் உதவாது. தவறிய அமர்வுக்குக் கட்டணம் என்ற விதி இவர்களை நிரந்தரமாக விரட்டிவிடும்.

பதில் 2: பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம்) மதிப்பெண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். மொத்தம் 27இல் தூக்கம், களைப்பு, பசி மூன்றுக்கு மட்டும் 9 வரை வரும். இரவுப் பணியும் அரைவயிறும் அதை ஏற்றிவிடும். ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று கேளுங்கள். அதற்காக 'இந்த நிலைமையில் யாருக்கும் இப்படித்தான்' என்று நோயைத் தள்ளிவிடுவது இன்னும் மோசம். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணம். அங்கே 1 வந்தாலும் அன்றே விசாரிக்க வேண்டும்.

பதில் 3: எல்லாவற்றுக்கும் 'சரிங்க' என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் அது மேலதிகாரியிடம் பேசிப் பழகிய பணிவு. 'இதில் உங்களுக்கு ஒத்துவராதது எது?' என்று கேட்டால்தான் உண்மை வரும். எண்ணக் குறிப்பேடு (மனதில் ஓடும் எண்ணங்களைக் குறித்துவைக்கும் வீட்டுப் பயிற்சி) எழுதச் சொல்வதற்குப் பதில் கைபேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வர்க்கத்தைப் பொறுத்துச் சிகிச்சை மாறுவது பழைய பிரச்சினைதான்: வர்க்கமும் மனநோயும் பற்றி அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் நடந்து 1958இல் வெளியான ஆய்விலேயே வசதியானவர்களுக்கு உளவியல் பேச்சு சிகிச்சை, ஏழைகளுக்கு மின்னதிர்ச்சியும் மருந்தும் என்றுதான் இருந்தது.