வியட்நாம் கரையோரம் பையைத் தூக்கிக்கொண்டு போன ஜோடிகள்: இன்னும் மனதில் உறுத்துவது எது?

பொன்மலைக்காரி:
திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் விட்ட புதிதில் போனவர்கள் நாங்கள். 19 நாள், தெற்கிலிருந்து வடக்கே. முய் நே, நா ட்ராங், குயி ஞோன், ஹோய் ஆன், ஹுவே. விசா, ரூட்டு, எந்த விடுதி சீப்பு என்பதையெல்லாம் இங்கே எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது, அதை விடுங்கள். எனக்கு ஒரே ஒரு காலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

குயி ஞோன். ஆறு மணி கூட ஆகவில்லை. அங்கேயிருந்து ஹோய் ஆன் போக டா நாங் வரைக்கும் ரயில், ஏறுகிற ஸ்டேஷன் ஊருக்கு வெளியே 10 கிலோமீட்டர் தள்ளி டியூ ட்ரியில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் வழிக்குப் பழம் வாங்கலாம் என்று சந்தைப் பக்கம் போனோம். ஒரு வயதான அம்மா அப்போதுதான் கூடையை இறக்கி, கமலா ஆரஞ்சை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கிலோ முப்பதாயிரம் டாங், நம்ம காசுக்கு நூறு ரூபாய். இவர் இருபதுக்குக் கேட்டு, இருபத்தைந்துக்கு முடித்து, ஒரு லட்சம் நோட்டை நீட்டினார். அந்த அம்மா நோட்டை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கி, மணிக்கட்டை இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நாம் "என்ன?" என்று கேட்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

இவர் அதை "மீதி கிடையாது, போ" என்று எடுத்துக்கொண்டார். நோட்டை அவர் விரலிலிருந்து பிடுங்கி, பழப்பையைக் கூடை மேல் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு காகிதத்தைக் கொளுத்தி, அது எரிய எரியக் கூடையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். காலைப் பூஜை போல என்று நினைத்தேன்.

அப்புறம் ரயிலில் கஞ்சி தள்ளுவண்டி வந்தது. "சாய்?" என்று கேட்டேன், அங்கே சைவத்துக்கு அதுதான் சொல். வண்டிக்காரப் பெண் அதே மாதிரி மணிக்கட்டைத் திருப்பினாள். எதிர் சீட்டில் இருந்த காலேஜ் பையன் போனில் தட்டிக் காட்டினான்: "இல்லை என்கிறார்." அவ்வளவுதான், இல்லை. அந்த அம்மா சொன்னதும் அதுதானே. சில்லறை இல்லை. விடிந்ததும் கடை விரித்தவரிடம் எங்கிருந்து இருக்கும்? அந்தப் பழத்தை இன்றைக்கு வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

சில்லறைக்கணக்கு:
சகோதரி, இதற்கெல்லாம் வருத்தப்பட்டால் ஊர் சுற்ற முடியாது. நம்மைப் பார்த்தாலே விலையைக் கூட்டுகிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் செய்ததில் பாதி நியாயம் இருக்கிறது. நான் சொல்லுகிறேன் கேளுங்கள்.

2019. இருபதாயிரம் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் நோட்டும் நீலம், இரண்டும் வழுக்குகிற பிளாஸ்டிக், சைபரை எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். நா ட்ராங்கிலேயே ஒரு ஐந்து லட்சத்தை மடித்துப் பர்ஸின் உள் அறையில் வைத்துவிட்டேன், ஆபத்துக்கு. அப்புறம் ஹோய் ஆனில் அந்த ஜப்பான் பாலத்துக்கு முன்னால் நிற்கிறோம், சுற்றிலும் பத்துப் பேர் இருபதாயிரம் நோட்டைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்கிறார்கள், ஏனென்றால் அந்த நோட்டில் அச்சடித்திருப்பது அந்தப் பாலம்தான். எங்களிடம் இருபதாயிரம் இல்லை. சரி, ஐந்து லட்சத்தைப் பிடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று உள் அறையிலிருந்து எடுத்துப் பிடித்தேன். என் மனைவி கேமராவை இறக்கிவிட்டு, "ஏங்க, உங்க நோட்டுலயும் பாலம் இருக்கே" என்றாள்.

ஏறக்குறைய 1,500 ரூபாய் போச்சு. கரும்புச்சாறு வண்டியில் நான்தான் மாற்றிக் கொடுத்தேன் என்பது அவள் கட்சி. பர்ஸ் அன்றைக்கு முழுக்க அவள் பையில்தான் இருந்தது என்பது என் கட்சி. ஆறு வருடமாக விசாரணை நடக்கிறது. வாங்கினவர் யாராக இருந்தாலும் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஹைவே தம்பி:
எங்கள் கதை சின்னது. ஊர் பெயர் வேண்டாம். வாடகை பைக்கில் மணல்மேடு பார்க்கப் போகும்போது நிறுத்தினார்கள், நான் பெருமையாக நம்ம ஊர் ஆர்டிஓ கொடுத்த சர்வதேச லைசென்ஸை நீட்டினேன், அவர் அதைத் திருப்பி அட்டையில் இருந்த வருடத்தின் மேல் விரலை வைத்துத் தட்டினார். 1949. இரண்டு தடவை தட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்தவள் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தமிழில் சொன்னதும் அவருக்கே புரிந்த மாதிரி சிரித்தார். அந்த விரல் தட்டுகிற சத்தம்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

இப்போது போகிறவர்களுக்காகச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். இந்தியாவில் கொடுப்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான பெர்மிட். வியட்நாம் ஒத்துக்கொள்வது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானது. அதனால் உங்கள் கையில் இருப்பது அங்கே வெறும் அட்டை. வாடகைக்குக் கொடுப்பவர் எதுவும் கேட்க மாட்டார், அவருக்குத் தேவை வாடகை. அபராதத்தை விடுங்கள், விழுந்து கை கால் உடைந்தால் செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லை என்று சொல்லி டிராவல் இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும், அதுதான் பெரிய செலவு. 50 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் இரண்டு பேரும் இரண்டு பையும் ஏறினால் அது மேட்டில் மூச்சு வாங்கும். டா நாங்குக்கும் ஹுவேக்கும் நடுவில் இருக்கிற ஹாய் வான் கணவாயை பைக்கில் தாண்ட ஆசைப்படுகிறவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்து போகிற மாதிரி ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். மலைக்குக் கீழே 2005-ல் திறந்த சுரங்கப்பாதை 6 கிலோமீட்டருக்கு மேல், அதில் பைக்கை ஓட்ட விட மாட்டார்கள், கார் பஸ் எல்லாம் அந்த வழியில் போய்விடுவதால் மேலே ரோடு காலியாகத்தான் இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் ரயிலே போதும். டா நாங்கிலிருந்து ஹுவே போகும்போது வலது பக்கம் கடல், திரும்பி வரும்போது இடது பக்கம். ஹெல்மெட் மட்டும் அவர்கள் கொடுக்கிற முட்டை ஓட்டை வாங்காதீர்கள்.

பொன்மலைக்காரி:
தம்பி, நாங்கள் பைக்கே எடுக்கவில்லை.

சில்லறைக்கணக்கு அண்ணா, பாதி நியாயம் எல்லாம் இல்லை. விலையைக் கூட்டினார் என்றே வைத்துக்கொண்டாலும் எவ்வளவு கூட்டியிருப்பார், பத்து ரூபாயா? அந்தப் பயணத்தில் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 2,500 ரூபாய் என்று வைத்திருந்தோம். இவர் டைரியில் எழுதிக்கொண்டே வந்தார், தண்ணி பாட்டில் உட்பட. அந்த டைரி வந்ததிலிருந்துதான் எல்லாரும் திருடர்களாகத் தெரிய ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சைகோன்வாசி:
அக்கா, சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது பூஜை இல்லை.

நான் இங்கே ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. நம்ம ஊரில் போணி என்போமே, அது இங்கேயும் அச்சு அசலாக உண்டு, "மோ ஹாங்" என்பார்கள். காலையில் முதலில் வருகிற ஆள் எப்படியோ அன்றைய வியாபாரம் அப்படி. வந்தவர் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால் அன்றைக்குத் தரித்திரம். அதைக் கழிக்கத்தான் காகிதத்தைக் கொளுத்திச் சரக்கைச் சுற்றிக் காட்டுவது. என் வீட்டுக்குக் கீழே காபி விற்கிற அக்கா பழைய பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து இதற்கென்றே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். புது வருடம், அதாவது டெட் முடிந்த கையோடு என்றால் இன்னும் மோசம், அந்தச் சமயத்தில் காலையில் கடைக்குப் போவதென்றால் எனக்கே பயம். நீங்கள் போனது எந்த மாதம்?

ஒன்றும் செய்வதற்கில்லை இப்போது. மனசு கேட்காவிட்டால் அடுத்த தடவை ட்ருவாங் டின் தெருவில் நம்ம மாரியம்மன் கோயில் இருக்கிறது, போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வியட்நாம்காரர்கள்தான்.

பென்னாகரம்:
"அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். எல்லாரையும் அப்படிப் பார்க்காதீர்கள் சார்.

நாங்கள் குயி ஞோனுக்குத் தெற்கே பாய் செப் என்கிற மீனவர் குப்பத்தில் மூன்று நாள் இருந்தோம். கரை முழுக்கக் கூடைப் படகு. நமக்கு அது பரிசல்தானே, நான் பிறந்தது ஒகேனக்கல் பக்கம். ஒரு பெரியவர் கவிழ்த்துப் போட்ட பரிசலுக்கு எதையோ பூசிக்கொண்டிருந்தார், கிட்டே போனதும் வாசனையில் நின்றுவிட்டேன். சாணி. மூங்கில் பின்னலின் சந்துகளைச் சாணியால் அடைத்து, மேலே ஒரு மரப்பிசின் எண்ணெய். என் மனைவியிடம் "நம்ம வீட்டு வாசல்" என்றேன். பெரியவர் என்ன புரிந்துகொண்டாரோ, துடுப்பைக் கையில் கொடுத்தார். அலையில் நம்ம வித்தை செல்லவில்லை, ஆற்றில் பழகினவனுக்குக் கடல் வேறு. ஒரே இடத்தில் சுற்றினேன். குப்பமே சிரித்தது. கரைக்கு வந்ததும் ஐம்பதாயிரம் டாங்கை அவர் கையில் திணித்தேன், வாங்கிக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் அவர் சம்சாரம் ஒரு பை நிறையக் கருவாட்டுக் கணவாய் கொண்டுவந்து கொடுத்தார், ஐம்பதாயிரத்துக்கு அதில் கால்வாசி கூட வராது.

நாங்கள் சுத்த சைவம். பஸ்ஸில் நாற்றம் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நா ட்ராங்கில் இறங்கி, குப்பைத்தொட்டியில் போட்டேன். அங்கேயே யாருக்காவது கொடுத்திருக்கலாம், அப்போது தோன்றவே இல்லை.

இரண்டாவதுபை:
டியூ ட்ரி என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. அங்கே இறங்கி ஆளுக்கு ஒரு பைக் டாக்ஸி பேசினோம். "ஸே ஓம்" என்பார்கள், கட்டிப்பிடிக்கிற வண்டி என்று அர்த்தமாம், நான் பையைத்தான் கட்டிப்பிடித்தேன். ஒரு ரவுண்டானாவில் அவருடைய வண்டி நேராகப் போயிற்று, என்னுடையது வலது பக்கம் திரும்பியது. சிம் ஒன்று போதும் என்று மிச்சம் பிடித்தோம் இல்லையா, அது அவர் போனில். பாஸ்போர்ட் இரண்டும் அவரிடம். குறுக்கு வழியாம், விடுதி வாசலில் என் ஆள்தான் முதலில் கொண்டு சேர்த்தார். அவர் வர இருபது நிமிடம் ஆனது. டிரைவர் தன் போனை நீட்டி, கூப்பிடு என்று சைகை காட்டினார். எனக்குக் கட்டின புருஷன் நம்பர் தெரியவில்லை. அம்மா வீட்டு லேண்ட்லைன் மட்டும்தான் ஞாபகம் வந்தது.

புதியவன்_2:
கணக்கு இன்றைக்குத்தான் திறந்தேன். பொன்மலைக்காரி சொல்கிற "இவர்" நான்தான்.

பிடுங்கவில்லை, எடுத்தேன். அது ஒரு லட்சமும் இல்லை, இரண்டு லட்சம் நோட்டு, அப்போதுதான் ஏடிஎம்மில் எடுத்தது. அவளுக்கு ஞாபகம் இல்லை. சைகோன்வாசி கேட்டதற்குப் பதில்: பிப்ரவரி, அவர்களுடைய புது வருடம் முடிந்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ. கடைகள் பாதி திறக்கவே இல்லை.

இன்னொன்று. பேரம் பேசும்போது அந்த அம்மா ருசி பார்க்கச் சொல்லி ஒரு பழத்தை என்னிடம் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டேன். பையைத் திருப்பி வைக்கும்போது அது நினைவில் இல்லை. ரயிலில் இவள் தூங்கினபிறகு வெந்நீர் பிடிக்கிற இடத்தில் நின்று தின்றேன். நல்ல இனிப்பு. அன்றைய பக்கத்தில் "பழம்" என்று எழுதி, எதிரே தொகை போடாமல் விட்டிருக்கிறேன். டைரி பீரோவில்தான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பார்க்கட்டும்.