ஸ்லாப்பி ஜோ: சாஸ் தண்ணியா நிக்குது, பன் பிஞ்சு விழுது. எங்கே தப்பு?

கேள்வி:
ஸ்லாப்பி ஜோ, அதாவது கொத்துக்கறியைத் தக்காளி சாஸ்ல வேக வெச்சு பன்னுக்குள்ள வைக்கிற அமெரிக்க சாண்ட்விச், செய்யறேன். வார நாள் ராத்திரி, நாலு பேருக்கு, அரை மணி நேரத்துல முடியணும். ஒரு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறி (85% சதை, 15% கொழுப்பு), பெரிய வெங்காயம் ஒண்ணு, பாதி குடைமிளகாய், 15 அவுன்ஸ் டொமேட்டோ சாஸ் ஒரு டின், அரை கப் கெச்சப், பிரவுன் சுகர் 2 டேபிள்ஸ்பூன். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு 10 நிமிஷம் கொதிக்க விட்டா தண்ணியா நிக்குது, கறி கட்டி கட்டியா இருக்கு, தித்திப்பும் தூக்கல். பன்னைக் கையில எடுத்ததும் அடி கழண்டுடுது. மேன்விச் (கடையில விக்கிற ரெடிமேட் ஸ்லாப்பி ஜோ சாஸ்) டின் வாங்காம வீட்டுலயே சரியா வர எதை மாத்தணும்?

பதில் 1:
முதல்ல சாஸ் அளவு. மேன்விச் டின்னும் 15 அவுன்ஸ்தான், அதுவும் ஒரு பவுண்டு கறிக்குத்தான். ஆனா அது ஏற்கெனவே கெட்டியாக்கின சாஸ். வெறும் டொமேட்டோ சாஸ் அப்படி இல்ல, ரொம்ப இளக்கம். 8 அவுன்ஸ் சின்ன டின் போதும், கூட கெச்சப் கால் கப்.

நம்ம ஊர்க் கடையில தக்காளி சாஸ்னு கேட்டா கெச்சப்தான் தருவாங்க. அமெரிக்காவுல டொமேட்டோ சாஸ்ங்கிறது இனிப்பில்லாத தக்காளிக் கூழ். ஊர்ப் பாட்டிலை அதுக்குப் பதிலா ஊத்தினா வாயில வைக்க முடியாத தித்திப்பாயிடும்.

பதில் 2:
பெரிய தப்பு "எல்லாத்தையும் ஒண்ணா"ங்கிறதுதான். கறி தன் தண்ணியிலயே கிடந்தா சூடு 212 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது. அப்போ கறி வேகும், ஆனா சிவக்காது. சிவக்கலைன்னா ருசி வராது, சாம்பல் நிறத்துல கவிச்சி வாடையோட நிக்கும்.

12 அங்குல இரும்புச் சட்டி நல்லாக் காஞ்சதும் கறியைப் பரப்பி 3-4 நிமிஷம் தொடாம விடுங்க. சடசடங்கிற சத்தம் மாறி தளதளன்னு கொதிக்கிற சத்தம் கேட்டா தண்ணி விட்டிருக்கு, தீயைக் கூட்டுங்க. அடி நல்லா பழுப்பானதும் திருப்பி, உருளைக்கிழங்கு மசிக்கிற மத்தால நசுக்குங்க. கரண்டியைவிட அதுலதான் கட்டி சீக்கிரம் உடையும். சாஸ் ஊத்தின பிறகு உடைக்க முடியாது.

கொழுப்பை ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் விட்டுட்டு மிச்சத்தைப் பழைய டின்ல வடிச்சுடுங்க. சிங்க்ல ஊத்தினா குழாய்க்குள்ள உறைஞ்சு அடைக்கும். கறியை ஓரமா ஒதுக்கி, வெங்காயமும் குடைமிளகாயும் உப்போட 5 நிமிஷம் வதக்குங்க. 2 பல் பூண்டு, டொமேட்டோ பேஸ்ட் (கெட்டித் தக்காளி விழுது) ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு, பேஸ்ட் செங்கல் நிறத்துக்கு வர்ற வரைக்கும் பிரட்டுங்க. அப்புறம்தான் சாஸ். ஊத்தினதும் அடியில ஒட்டின பழுப்பைச் சுரண்டிக் கலக்குங்க, ருசி முழுக்க அதுலதான் இருக்கு.

மூடி போடாம, சின்னத் தீயில 10 நிமிஷம். சர்க்கரை இருக்கிறதால சட்டுனு அடிப்பிடிக்கும், அடிக்கடி கிளறுங்க. கரண்டியால நடுவுல ஒரு கோடு இழுத்தா, அந்த இடைவெளி ரெண்டு நொடி மூடாம நிக்கணும். அதுதான் பதம்.

பதில் 3:
சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன் வேண்டாம், கெச்சப்லயே இருக்கு. பிரவுன் சுகர் 2 டீஸ்பூன், மஞ்சள் கடுகு சாஸ் ஒரு டீஸ்பூன், வூஸ்டர்ஷயர் சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன். இறக்கும்போது வினிகர் ஒரு டீஸ்பூன்; முதல்லயே ஊத்தினா புளிப்பு மங்கிடும். உப்பைக் கடைசியில ருசி பார்த்துச் சரிசெய்ங்க, சாஸ் எல்லாத்துலயும் உப்பு உண்டு. வூஸ்டர்ஷயர்ல நெத்திலி இனத்து மீன் சேர்த்திருப்பாங்க, மீன் ஒவ்வாமை இருக்கிறவங்க லேபிளைப் பாருங்க. காரம் வேணும்னா மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், அதோட நிறுத்துங்க. கரம் மசாலா போட்டா அது கைமா. நல்லாத்தான் இருக்கும், ஆனா ஸ்லாப்பி ஜோ இல்ல.

பதில் 4:
பன்னோட வெட்டின பக்கத்துல வெண்ணெய் தடவி, தோசைக்கல்லுல பொன்னிறமா வாட்டுங்க. மொறுமொறுப்பான மேல்தோலும் வெண்ணெயும் சாறு உள்ளே இறங்குறதைத் தாமதப்படுத்தும். இறக்கி 5 நிமிஷம் ஆறினா இன்னும் கெட்டியாகும். அப்புறம் பன்னுக்கு அரை கப். அடியில ஒரு சீஸ் துண்டு வெச்சா இன்னும் பாதுகாப்பு. சாப்பிடுற நேரத்துலதான் நிரப்பணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. டொமேட்டோ பேஸ்ட் இல்லேன்னா? மிச்சம் ஆனா எத்தனை நாள் வைக்கலாம்?

பதில் 2:
பேஸ்ட் இல்லேன்னா கெச்சப்பை முதல்லயே போட்டு ஒரு நிமிஷம் பிரட்டுங்க, அப்போ சர்க்கரையை ஒரு டீஸ்பூனாக் குறைங்க. மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுல வெச்சா 3-4 நாள் தாங்கும். மறுநாள் இறுகியிருக்கும், சூடாக்கும்போது ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சுக் கிளறுங்க.