14 கோர் பழைய ஜியானா, 6 கோர் ரைசன் 5 5600-ஆ? எலிவேஷன் வேலைக்கு எது சரி?

மண்டபம் டிராயிங்ஸ்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மண்டபத்தில் கடலை ஒட்டி வீடு. ராமநாதபுரம், பரமக்குடி இன்ஜினியர்கள் கொடுக்கும் பிளானுக்கு எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புப் படம், செய்து கொடுப்பதுதான் தொழில். ஸ்கெட்ச்அப்பில் முப்பரிமாண மாடல், பிளெண்டரில் சைக்கிள்ஸ் என்ற பகுதியை வைத்து ரெண்டர் (மாடலை நிஜப் படம் போல ஆக்குவது). ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தம்பி அதே கம்ப்யூட்டரில் வேலரண்ட் கேம் விளையாடுவான்.

பழைய கம்ப்யூட்டர் போன மாதம் படுத்துவிட்டது. மதுரையில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் வொர்க்ஸ்டேஷன் காட்டினார்கள். பிராசஸர் ஜியான் இ5-2680 வி4, 14 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளை), 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை), 32 ஜிபி ராம். பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றார்கள். அதே காசுக்குப் புதிதாக ரைசன் 5 5600 பிராசஸர் போட்டு அசெம்பிள் செய்து தருவதாக இன்னொருவர் சொன்னார். அது கேம் விளையாடும் பையன்கள் வாங்குவது, 6 கோர்தான். எனக்கு ரெண்டர் வேலை என்பதால் ஜியானை எடுத்துவந்து, பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டை அதில் மாட்டினேன்.

இப்போது ஸ்கெட்ச்அப்பில் இரண்டு மாடி வீட்டைச் சுழற்றினாலே திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பிராசஸர் 4, 5 விழுக்காட்டில் சும்மா கிடக்கிறது! சும்மா இருக்கிற பிராசஸர் ஏன் திணற வேண்டும்? ரெண்டர் நன்றாகத் தொடங்குகிறது, பத்து நிமிடம் போனதும் ஆமை வேகம். ஒரு எலிவேஷனுக்கு 41 நிமிடம் ஆகிறது. தம்பி வேறு கேம் விட்டுவிட்டு நிற்கிறது என்கிறான். திருப்பிக் கொடுக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. கோளாறு மெஷினிலா, என் தேர்விலா?

பாம்பன் காற்று:

தம்பி, அந்த 4 விழுக்காட்டில்தான் விஷயமே இருக்கிறது. 28 த்ரெட்டில் ஒன்று மட்டும் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் 100-ஐ 28-ஆல் வகுத்த அளவுதான் காட்டும், அதாவது மூன்றரைக்குச் சற்று மேல். சும்மா கிடக்கவில்லை, ஒரே ஆள் ஓடுகிறான், மற்ற 27 பேர் கரையில் நிற்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் படத்தின்மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசஸரையும் (த்ரெட்டையும்) தனித்தனியாகக் காட்டச் சொல். ஒரு கட்டம் மட்டும் உச்சியைத் தொட்டு நிற்கும். விண்டோஸ் வேலையைக் கோர் விட்டுக் கோர் மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த மேடு கட்டம் கட்டமாகத் தாவும்.

ஸ்கெட்ச்அப் மாடலிங்கை ஒரே கோரில்தான் செய்கிறது. கரைவலை இழுக்க இருபது முப்பது பேர் கயிற்றைப் பிடிக்கலாம், ஆள் கூடினால் வலை சீக்கிரம் கரை சேரும். அதே வலையில் ஒரு கிழிசலைத் தைக்க ஒருவர்தான் உட்கார முடியும். அங்கே முப்பது பேரை நிறுத்தி என்ன பயன்? தைப்பவர் கை எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. ரெண்டர் கரைவலை, ஸ்கெட்ச்அப் கிழிசல்.

உன் ஜியான் 2016-இல் வந்தது. ஒரு கோர் ஓடும்போது உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ், எல்லாக் கோரும் ஓடும்போது 2.9. ரைசன் 5 5600 வந்தது 2022-இல், உச்சம் 4.4. கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தாலும் போதாது. ஒவ்வொரு துடிப்பிலும் புதியது செய்து முடிக்கும் வேலை அதிகம். இரண்டையும் சேர்த்தால் ஒற்றைக் கோரில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும். கேம் திணறுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தொண்டி மெக்கானிக்:

மேலே சொன்னது சரி. ஆனால் பத்து நிமிடத்துக்குப் பிறகு வேகம் விழுவது தனிக் கோளாறு. அது பிராசஸரின் இயல்பு இல்லை, சூடு. சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு ரெண்டரை ஓடவிடுங்கள். தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வது) என்ற இடத்தில் 'யெஸ்' வந்து, வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ் வரை இறங்கினால் சந்தேகமே வேண்டாம். இந்தச் சிப் குறைந்தபட்சமாக இறங்குவது அந்த அளவுக்குத்தான்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, பிராசஸர் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பாருங்கள். நம் பக்கம் வரும் மெஷின்களில் வெறும் தூசு இருக்காது. உப்பு ஈரத்தில் தூசு பிடித்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அலுமினியத் தகட்டில் வெள்ளையாகப் பூக்கும். புளோயரில் ஊதினால் போகாது. ஹீட்சிங்கைத் தனியே கழற்றி, பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் புதுத் தெர்மல் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள்.

அப்படியே ராம் எத்தனை துண்டு என்று பாருங்கள். இந்தச் சிப்புக்கு நான்கு மெமரி சேனல், அதாவது ராமுக்குப் போய்வரும் வழி. செகண்ட் ஹேண்டில் சில பேர் 32 ஜிபியை ஒரே துண்டாகச் செருகிவிடுகிறார்கள். நான்கு மடைக்குப் பதில் ஒரு மடை திறந்த கதை. சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தில் 'சிங்கிள்' என்று வரும்.

கீழக்கரைக்காரன், சென்னை:

நான் அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் 32 கோர் த்ரெட்ரிப்பர் 3970எக்ஸ் பிராசஸர் இருக்கிறது. ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான பிரேம் ரெண்டர் ஆகும், ஒரு கோர்கூட ஓயாது. அந்த வேலைக்கு அதன் ஒவ்வொரு கோரும் காசு பெறும். ஆனால் அது 280 வாட் பிராசஸர். தனி ஏசி அறையில் வைத்திருக்கிறோம்.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கோர் அதிகம் என்பதும் வொர்க்ஸ்டேஷன் என்பதும் குறை இல்லை, வயதுதான் குறை. 3970எக்ஸ் ஒற்றைக் கோரிலும் 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அதில் ஸ்கெட்ச்அப் திணறாது. பழைய சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் அப்படி இல்லை. எல்லாக் கோரையும் ஓடவிட்டால்கூட 5600 அதற்குப் பெரிதாகப் பின்தங்காது.

1967-இல் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன கணக்கு இன்றும் பொருந்தும். ஒரு வேலையில் பாதியைத்தான் பலருக்குப் பிரித்துக் கொடுக்க முடியும் என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. உங்கள் நாளை எண்ணிப் பாருங்கள். மாடலிங்கில் உட்காருவது ஆறு மணி நேரமா, ரெண்டருக்குக் காத்திருப்பது ஆறு மணி நேரமா?

இன்னொன்று, சைக்கிள்ஸை ஏன் பிராசஸரில் ஓட்டுகிறீர்கள்? கார்டில் விடுங்கள்.

மண்டபம் டிராயிங்ஸ்:

கார்டில் விட்டுப் பார்த்தேன் அண்ணா. 1650-இல் 4 ஜிபிதான். தென்னை மரமும் புல்லும் வைத்த சீன் அதில் அடங்காமல் மெமரி பிழை காட்டி நின்றுவிடுகிறது. அதனால்தான் பிராசஸர் பக்கம் வந்தேன்.

பாம்பன் காற்று:

அப்படியானால் 14 கோருக்குக் கொடுக்கும் காசைக் கார்டுக்குத் திருப்புவதுதான் புத்தி. ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி உள்ளதாகப் பார்த்து வாங்கு. அதில் 8 ஜிபி வகையும் உண்டு, ஏமாந்துவிடாதே. ஒரே மரத்தை இருநூறு தடவை காப்பி செய்யாமல் இன்ஸ்டன்ஸாக (ஒரே மரத்தைப் பல இடத்தில் காட்டுவதாக) போட்டால் மெமரியும் மிச்சம்.

தம்பியின் கேமைப் பற்றியும் யோசி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இந்த ஜியான் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. எப்படியோ ஏற்றினாலும், 11-இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் கேட்கும். இந்த ஜியான் காலத்துப் பழைய மதர்போர்டில் அது பெரும்பாலும் கிடைக்காது.

மண்டபம் டிராயிங்ஸ் (மூன்று நாள் கழித்து):

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

ஹீட்சிங்கைக் கழற்றினால் அண்ணன் சொன்ன அதே அப்பளம். பழைய பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் வேகம் 2.9-இல் நின்றது. 41 நிமிட ரெண்டர் 29-க்கு வந்துவிட்டது. ராம் ஒரே துண்டுதான். கடைக்காரரிடம் பேசி நான்கு 8 ஜிபி துண்டுகளாக மாற்றி வாங்கினேன். அதில் ரெண்டர் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஸ்கெட்ச்அப் திணறலும் அப்படியே இருக்கிறது. தனித்தனிக் கட்டமாகப் பார்த்தேன், ஒரே ஒரு மேடுதான் அங்கும் இங்கும் தாவுகிறது.

நேற்று உச்சிப்புளியில் சித்தப்பா மகனிடம் போனேன். அவனிடம் 5600-உம் 3060, 12 ஜிபியும் இருக்கின்றன. அதே வீட்டு மாடலை நிழலை ஆன் செய்து வைத்தே சுழற்றினேன், கை போன பக்கம் வீடு வந்தது. பிராசஸரில் ரெண்டர் 33 நிமிடம், என் ஜியானைவிட நான்கு நிமிடம்தான் கூடுதல். கார்டில் விட்டேன். டீ போட்டு எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது, 6 நிமிடம்.

ஜியானைத் திருப்பிக் கொடுக்கிறேன். கார்டுக்குக் காசு அடுத்த மாதம்தான் சேரும், அதுவரை 1650 ஓடட்டும். 5600-உடன் வரும் கூலரே போதுமா? எங்கள் வீட்டில் ஏசி இல்லை.

தொண்டி மெக்கானிக்:

போதும். 65 வாட் சிப்தான், கூட வரும் ரைத் ஸ்டெல்த் கூலர் தாங்கும். ராம் 16 ஜிபியை 8 8 ஆக இரண்டு துண்டு கேளுங்கள், இதில் சேனல் இரண்டு. எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மட்டும் இப்போதே 3060-க்கும் சேர்த்து 550 வாட்டில், நல்ல கம்பெனியாக வாங்குங்கள். கேபினட்டைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம். ஆடிக் காற்று தொடங்கும் முன் ஒருமுறை, வாடை முடிந்ததும் ஒருமுறை திறந்து பிரஷ் போடுங்கள். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்சூட்டில் ஈரம் தங்காது.

மண்டபம் டிராயிங்ஸ்:

சரி அண்ணா. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மதுரை போகிறேன். தம்பியும் கூட வருகிறான், கேபினட் தூக்க.