டாஸ்க் ஓடுகிறது, டெம்ப் ஃபைல் மட்டும் அழியவில்லை. என்ன செய்வது?

கடைக்காரன்:
வணக்கம். ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 120 ஜிபி எஸ்எஸ்டி. வாரம் ஒருமுறை சி டிரைவ் சிவப்பாகிவிடுகிறது. இன்று காலை மிச்சம் 2 ஜிபி. ரன் பெட்டியில் %டெம்ப்% அடித்து, டெம்ப் ஃபோல்டரில் புரோகிராம்கள் விட்டுப்போகும் தற்காலிக ஃபைல்களை எல்லாம் கையால் அழிப்பது தினசரி வேலையாகிவிட்டது. அக்கா மகன் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதி, இரவு 9 மணிக்கு ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுத் தந்தான். ஓடி முடிந்ததாகக் காட்டுகிறது, டெம்ப் அப்படியே இருக்கிறது.

பழைய மெக்கானிக்:
டாஸ்க் எந்த யூசர் பெயரில் ஓடுகிறது? பேட்ச் ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது?

கடைக்காரன்:
'சிஸ்டம்' என்று இருக்கிறது. முதல் வரியில் சிடி (ஃபோல்டர் மாறும் கட்டளை) போட்டு டெம்ப்புக்குள் போகிறது, அடுத்த வரியில் டெல் ஸ்டார் டாட் ஸ்டார், அதாவது அங்கே இருக்கும் ஃபைல்களை எல்லாம் அழி என்று.

பழைய மெக்கானிக்:
முதலில் அந்த டாஸ்க்கை நிறுத்துங்கள்.

சிஸ்டம் என்பது விண்டோஸின் சொந்தக் கணக்கு. அதற்கு %டெம்ப்% என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப். நீங்கள் பார்ப்பது உங்கள் யூசர் ஃபோல்டரில், ஆப்டேட்டா, லோக்கலுக்குக் கீழே இருப்பது. உங்கள் அக்கா மகன் தினமும் பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பெருக்கியிருக்கிறார்.

பயம் அதில் இல்லை. சிடி வரி என்றைக்காவது தோற்றால், டெல் வரி நிற்காது. அப்போது நிற்கும் ஃபோல்டரிலேயே அழிக்கும். டாஸ்க்கில் 'ஸ்டார்ட் இன்' பெட்டி காலியாக இருந்தால் அது தொடங்கும் இடம் சிஸ்டம்32, விண்டோஸ் ஓடத் தேவையான ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பேட்ச் ஃபைலே வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய், வேண்டாத ஃபைல்களைத் தானாக அழிக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்யுங்கள். அதை எதுவும் மாற்றாமல் விட்டால் இடம் குறையும்போதுதான் ஓடும். 'எவ்ரி வீக்' என்று மாற்றிவிடுங்கள். ஆப்கள் பயன்படுத்தாத டெம்ப் ஃபைல்களைத்தான் அது தொடும். ரீசைக்கிள் பின்னுக்கு 14 நாள் போதும்.

ஸ்கேனர்பிரியன்:
குறுக்கே வருகிறேன். அதே பக்கத்தில் டவுன்லோட்ஸுக்கும் ஒரு பெட்டி உண்டு. அது 'நெவர்' என்றே இருக்கட்டும். நான் 30 நாள் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் விண்ணப்பப் படிவங்களை எல்லாம் பறிகொடுத்தேன். அது பார்ப்பது நீங்கள் எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்பதை.

கடைக்காரன்:
வைத்துவிட்டேன், 'கிளீன் நவ்' அழுத்தினேன். 9 ஜிபி வந்தது. டவுன்லோட்ஸைத் திறந்து பார்த்தால் இன்னும் 14 ஜிபி, பாதி வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்!

பழைய மெக்கானிக்:
அதை மெஷினிடம் விடாதீர்கள் அண்ணா. படிவங்களை டாக்குமென்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, வாடிக்கையாளர் ஃபைல்களைக் கடை சாத்தும்போது ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தி அழியுங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் 14 நாள் கிடக்கும்.

கடைக்காரன்:
சரி தம்பி, இன்றே தொடங்குகிறேன். டாஸ்க்கையும் தூக்கிவிட்டேன். மருமகனிடம் சிஸ்டம்32 கதையைச் சொன்னேன், அவன் டீ குடிக்கப் போனவன் இன்னும் வரவில்லை.