பழைய லேலண்ட் டர்போ லாரி: லோடு ஏற்றினால் பிக்கப் இல்லை, உதவி தேவை

காசிமேடு லோடு:
அவசரம். லோடோடு மூலக்கடை மேம்பாலம் ஏறவே வண்டி திணறுகிறது. எஞ்சின் வேகம் எடுத்தபிறகு கொஞ்சம் பரவாயில்லை. டீசல் ஃபில்டர் மாற்றியாச்சு. ராத்திரி துறைமுகத்துக்குப் போகணும். எதைப் பார்க்கலாம்?

மணலி டிரெய்லர்:
பழைய டீசல் பம்ப் எஞ்சினா, கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயிலா? புகை எப்படி? திடீரென்று வந்ததா, மெல்ல மெல்லக் குறைந்ததா?

திருவொற்றியூர் கேரேஜ்:
டீசல் தெளிக்கும் நாசில்தான். எல்லாவற்றையும் கழற்றி பிரஷர் பாருங்கள்.

ஏர்பிரேக்:
பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா? கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிரம் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான்.

பம்ப் பெஞ்ச்:
புகை நிறம் சொல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது தம்பி? எத்தனை முறை இங்கே எழுதியாச்சு. முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

காசிமேடு லோடு:
பம்ப் எஞ்சின். புகை பெரிதாக இல்லை. போன வாரம் வரை நன்றாக இழுத்தது.

பம்ப் பெஞ்ச்:
சரி, இப்போது பேசலாம். கரும்புகையோடு இழுக்கவில்லை என்றால் காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ். புகையே இல்லாமல் இழுக்கவில்லை என்றால் டீசல் போதவில்லை. எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து டீசல் பம்ப் தலைக்கு ஒரு சின்ன ஹோஸ் போகும். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று அதன் வழியே வந்து அங்கே உள்ள சவ்வை, அதாவது டயாஃப்ரத்தை, அழுத்தினால்தான் பம்ப் டீசலைக் கூட்டும். ஹோஸ் வெடித்திருந்தால் அழுத்தம் வெளியே போய்விடும். பம்ப் பக்கம் கழற்றி, பம்பின் நிப்பிளில் வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போனால் டயாஃப்ரமும் கிழிந்திருக்கிறது.

எண்ணூர் ரோடு:
இதெல்லாம் எதற்கு? டீசல் அளவை வைக்கும் பம்ப் ஸ்க்ரூவை அரைச் சுற்று கூட்டினால் பறக்கும். நம் ஏரியாவில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது.

மணலி டிரெய்லர்:
ஓடுகிறது, அப்புறம் பிஸ்டன் உருகி நிற்கிறது. ஸ்க்ரூவின் சீல் உடைந்த பம்ப்போடு எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்று) போனால் புகை டெஸ்டில் யார் பதில் சொல்வது?

எண்ணூர் ரோடு:
கணக்காகக் கூட்டினால் ஒன்றும் ஆகாது. என் மாமா வண்டி வருஷக்கணக்கில் ஓடுகிறது.

பம்ப் பெஞ்ச்:
பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளக்காமல் கணக்கு எங்கிருந்து வரும்? ஹோஸ் ஓட்டையோடு ஸ்க்ரூவைக் கூட்டிவிட்டு, நாளைக்கு ஹோஸை மாற்றினால் டீசல் அளவு எங்கே போய் நிற்கும், யோசியுங்கள்.

ஏர்பிரேக்:
புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு (பட்டர்ஃபிளை) பாதி மூடி நின்றாலும் இழுவை போகும். லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

காசிமேடு லோடு:
அந்தச் சின்ன ஹோஸ்தான். கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. மாற்றியாச்சு, இழுக்கிறது. லோடுக்குக் கிளம்புகிறேன். நன்றி அண்ணே.

மணலி டிரெய்லர்:
டயாஃப்ரத்தில் ஊதிப் பார்த்தீர்களா?